கொட்டச்சேட்டில் ஒன்பது வால்கள்

கருவாட்டு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஏற்காடு மலை ஏறின ஆள் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே விஷயம் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. இரண்டாவது வளைவில் பின்சீட்டுக்காரர் ஜன்னலைத் தள்ளித் திறந்தார். மூன்றாவதில் கண்டக்டரே வந்து நின்றார்.

"ஏனுங்கம்மா, மடியில என்னுங்க அது?"

"நெத்திலிங்க."

"எல்லாரும் காத்து வாங்க மலைக்கு வர்றாங்க. நீங்க காத்தக் கெடுக்க வர்றீங்களே!"

பஸ்ஸே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. இந்த மாதிரிப் பேச்சைக் காசு கொடுத்துக்கூடக் கேட்பேன். "யாருக்குங்க இவ்வளவும்?" என்று அவர் விடாமல் கேட்க, "எலிக்குங்க" என்றேன். சிரிப்பு அப்படியே நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் குழந்தையை மறு தொடைக்கு மாற்றிக்கொண்டாள்.

பொய் இல்லை, எலிக்குத்தான். என் தங்கை மகள் கயல்விழி எலிகளைப் பற்றிப் படிக்கிறாள். சேர்வராயன் மலைச் சரிவில் இரண்டு மாதமாகத் தங்கியிருந்தவள், பாறையில் வழுக்கி வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டாள். தங்கைக்குப் பிரஷர். மலை ஏற டாக்டர் விடவில்லை. "உனக்குக் கையெழுத்து நல்லா இருக்கும், வாய் அதைவிட நல்லா இருக்கும், நீ போயிட்டு வாக்கா" என்று என்னை அனுப்பிவைத்தாள். பொறிக்குள் வைக்கக் கருவாடு வேண்டும் என்று கயல் போனில் சொன்னாள். வேதாரண்யத்துக்காரியிடம் அதற்கா பஞ்சம்?

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் மேடு என்றால் உப்பு அம்பாரம்தான். அதற்கு மேல் உயரமாக எதையும் கண்டதில்லை. பத்தாவது வளைவில் துணிந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கீழே சேலம் ஊர், யாரோ உதறின சட்டையிலிருந்து விழுந்த பொத்தான்கள் மாதிரிக் கிடந்தது. அதற்குப் பிறகு கண்டக்டரின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டே ஏற்காடு போய்ச் சேர்ந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் கயல் நின்றிருந்தாள். பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. கன்னம் ஒட்டி, முழங்கை வரை முள் கிழித்த கோடுகள். "என்னடி, எலி உன்னையப் புடிச்சுதா, நீ எலியப் புடிச்சியா?" என்றேன். "இன்னும் ரெண்டும் நடக்கல பெரியம்மா" என்றாள்.

கொட்டச்சேட்டுக்கு ஜீப். எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டேன். என் ஒரு கால் பலாப்பழத்தின் மேல், இன்னொரு கால் யாருடைய காலின் மேலோ இருந்தது. ஒரு மேட்டில் வண்டி புகைந்து நின்றது. டிரைவர் பதறவே இல்லை. "எல்லாரும் எறங்கி மூச்சு வாங்கிக்குங்க. வண்டியும் வாங்கிக்கட்டும்" என்று பீடி பற்ற வைத்தார். எங்கள் ஊரில் பஸ் ஐந்து நிமிடம் நின்றால் ஆளுக்கு ஆள் சண்டைக்கு நிற்போம். இங்கே எல்லோரும் கீழே இறங்கி, கொய்யாப்பழத்தைப் பிட்டு ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். எனக்கும் ஒரு பாதி கிடைத்தது.

கொட்டச்சேட்டில் எங்கே திரும்பினாலும் காப்பிச் செடி. குளிரில் பல் தந்தியடிக்க, டீக்கடையில் "நல்ல காப்பி ஒண்ணு" என்று ஆசையாகக் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"காப்பிங்களா? அது கீழ போயிருதுங்க. குடிக்கறதுக்கு இங்க டீதான்."

கயல் தங்கியிருந்தது வெள்ளையன் என்பவருடைய வீட்டை ஒட்டிய அறை. அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, தோளில் ஒரு சாக்கு, இடுப்பில் அரிவாள். அந்த மலையிலேயே தலைமுறையாகக் கேழ்வரகும் சாமையும் போடுகிற குடும்பம். இளவயதில் எஸ்டேட்டிலும் வேலை பார்த்தவர். அவர் மனைவி சின்னப்பொண்ணு களி கிண்டி, கீரை கடைந்து வைத்திருந்தார். முதல் உருண்டையை நான் மென்றதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, களிய மெல்லக் கூடாதுங்க, முழுங்கோணும். மென்னா அது கோவிச்சுக்கும்" என்றார். முழுங்கினேன். அது தொண்டையில் நின்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் இறங்கியது.

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபோது கயல் தன் வேலையைச் சொன்னாள்.

ஊருக்குக் கீழே, காப்பிச் செடிகள் முடிந்து முள்ளும் பாறையுமாக இறங்குகிற ஒரு சரிவு. அங்கே கல் உடைக்க ஒருவர் அனுமதி கேட்டிருக்கிறார். அனுமதி கொடுக்கும் முன் அந்தச் சரிவில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வேலையில் பாலூட்டிகள் இவள் பங்கு. பெரிய பாறை எலி என்று ஒன்று. சேலத்தைச் சுற்றின இந்த மலைச் சரிவுகளைத் தவிர உலகத்தில் வேறு எங்கேயும் அதை யாரும் பார்த்ததில்லையாம். பாறை இடுக்கு இல்லாத இடத்தில் அது பிழைக்காது.

"வேற எங்கயுமா?"

"எங்கயும்."

"சீனாவுல? அமெரிக்காவுல?"

"பெரியம்மா, மலைக்குக் கீழ இருக்கற அயோத்தியாப்பட்டணத்து வயல்லயே கிடையாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எலி என்றால் எண்ணிக்கையில் அடங்காத ஜாதி என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். என் கடையில் பிளவுஸ் துணியைக் கடித்ததற்காக எத்தனையை விளக்குமாற்றால் அடித்திருப்பேன்! உலகம் முழுவதற்கும் சேர்த்தே இந்த ஒரு மலைப்பக்கம்தான் வீடு என்கிற எலியும் இருக்கிறதா?

உயிரோடு ஒன்றையாவது பிடித்து, படமெடுத்து, அளந்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். படிவத்தில் அளவுகளை நிரப்ப வேண்டும். அப்படி ஒரு படிவம் போய்ச் சேர்ந்தால் பாறை தப்பிக்கும். போகாவிட்டால் வெடி வைப்பார்கள். இரண்டு மாதத்தில் ஒன்றுகூட அகப்படவில்லை. மிச்சம் இருந்தது நான்கே நாள்.

வெள்ளையனுக்கும் அதில் கவலை இருந்தது. "எங்க ராகிக் காடு அந்தப் பாறைக்கு நேர் கீழதானுங்க. வெடி வெச்சா கல்லு எங்க வந்து உழும்? எங்க சோத்துலதான் உழும்" என்றார்.

மறுநாள் விடியற்காலை பொறிகளைப் பார்க்கப் போனோம். தகரத்தால் செய்த சின்னப் பெட்டிகள். எலி உள்ளே போனால் கதவு மூடிக்கொள்ளும், அடிபடாது. கயல் ஆடு மாதிரிப் பாறைக்குப் பாறை தாவினாள். நான் பாதித் தூரத்தை உட்கார்ந்தபடியே கடந்தேன். புடவை நெய்தவன் என்னை மன்னிக்க வேண்டும்.

இருபது பெட்டிகள் வைத்திருந்தாள். மூடியிருந்தவை மூன்று. ஒன்றில் மூஞ்சூறு. இன்னொன்றில் சாதாரண வயல் சுண்டெலி. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை, காற்று தட்டி மூடியிருக்கிறது. நெத்திலியை எறும்பு தூக்கிப் போய்விட்டது. கயல் கட்டுப் போட்ட கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பெட்டிகளை வைத்தாள்.

அன்று மத்தியானம் அவள் தூங்க, நான் டீக்கடைக்குப் போனேன். அங்கேதான் வெள்ளையன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இனி நான் சொல்லப் போவதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும்.

"ஏனுங்கம்மா, அந்தப் புள்ள நொம்பக் கஷ்டப்படுது. அதுக்கு என்னதானுங்க வேணும்?"

"எத்தனை எலி இருக்குன்னு கணக்குக் காட்டணும்ங்க."

"கணக்குத்தானுங்களே?"

"கணக்குத்தான். ஆனா ஒண்ணைக்கூடக் கொல்லக் கூடாது. எல்லாம் உசுரோட ஓடணும்."

"அவ்வளவுதானுங்களே?"

"அவ்வளவுதான்."

கடைக்காரர் சிரித்தார். "எலிக்கு ஓட்டுப் போடற கணக்கு எடுக்கறாங்களாக்கும்!" நாங்களும் சிரித்தோம். வெள்ளையன் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "நீங்க கவலைப்படாதீங்க, நானாச்சு" என்று எழுந்து போனார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நான் வந்த மூன்றாவது நாள் பெட்டிகள் எல்லாம் திறந்தே கிடந்தன. கயலின் கைக்கட்டை மாற்ற ஏற்காடு டவுனுக்குப் போனோம். வேலை முடிந்ததும் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி வாங்கினோம். நான் முதல் கடி கடிக்கும் முன்னே ஒரு குரங்கு வந்து, அவசரமே இல்லாமல், தனக்கென்று வாங்கி வைத்ததை எடுத்துக்கொள்வது போல என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போனது. திருடுகிறோம் என்கிற கூச்சம் அதன் முகத்தில் துளியும் இல்லை. பஜ்ஜிக்காரர் இன்னொன்றைக் கொடுத்து, "அதுக்கும் சேத்துத்தானுங்க மாவு கரைக்கறோம்" என்றார்.

படகுக்கு நின்ற வரிசையில் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று பேசிக்கொண்டது. "இந்த ஊருல பாக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று அவள் கேட்க, "ஏரி இருக்கு, பஜ்ஜி இருக்கு. வேற ஒண்ணும் கிடையாது" என்றான் அவன். கயல் அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஜீப்புக்கு நடந்தேன். இல்லாவிட்டால் அந்தப் பையனுக்குப் பாறை எலியைப் பற்றி அங்கேயே பாடம் நடத்தியிருப்பாள்.

நான்காவது நாள் விடிகிற நேரம். பொறி பார்க்கக் கிளம்பி வாசலுக்கு வந்தோம். வெள்ளையன் அங்கே எங்களுக்காகவே காத்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, தலையில் சாம்பல், உடம்பெல்லாம் புகை வாடை. முகத்தில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம். கையில் எவர்சில்வர் டிபன் டப்பா.

"தொறந்து பாருங்க கண்ணு" என்று கயலிடம் நீட்டினார்.

அவள் ஒரு கையால் திறக்க முடியாமல் என்னிடம் தந்தாள். நான் திறந்தேன். ஏதோ பலகாரம் என்றுதான் நினைத்தேன்.

உள்ளே வாழை இலைத் துண்டு விரித்து, அதன் மேல் வால்கள். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஊசி அடுக்கினது போல வரிசையாக வைத்திருந்தார். வெட்டின முனையில் இன்னும் ஈரம் காயவில்லை.

"ஒம்போதுங்க. எண்ணிக்குங்க."

டப்பா என் கையிலிருந்து நழுவப் பார்த்தது. வெள்ளையன் பாய்ந்து பிடித்தார். கயலுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "கொன்னுட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஐயோ, இல்லீங்க சாமி! ஒண்ணைக்கூடக் கொல்லலீங்க!" அவர் நிஜமாகவே பதறிப்போனார். "பாறைப் பொந்துல ஒரு பக்கம் தழையப் போட்டுப் புகை காட்டுனேன். மறு பக்கம் சாக்கப் புடிச்சேன். உழுந்ததோட வால மட்டும் வெட்டிக்கிட்டு, எல்லாத்தையும் அங்கயே உட்டுட்டனுங்க. அத்தனையும் உசுரோட ஓடுது. அம்மா அப்புடித்தான சொன்னாங்க? கணக்குக் காட்டோணும், கொல்லக் கூடாதுன்னு?"

கயல் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

விசாரித்தோம். எஸ்டேட்டில் அவர் வேலை பார்த்த காலத்தில் எலித் தொல்லை வந்தால் ஆட்களைப் பிடிக்கச் சொல்வார்களாம். எத்தனை பிடித்தார்கள் என்பதற்கு, கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் வாலைக் காட்ட வேண்டும். முழு எலியை யார் சுமப்பது, யார் மோப்பது? வாலைப் பார்த்து அவர் எழுதிக்கொண்டு அரை நாள் லீவு கொடுப்பார். அந்த வழக்கம் ஊருக்குள்ளும் இறங்கிவிட்டது. தங்கள் காட்டில் பிடித்தாலும் வாலைத்தான் ஒருவருக்கொருவர் காட்டுவார்கள். எலிக் கணக்கு என்றால் வால். மீட்டர் பிடித்துத் துணி அளக்கிற மாதிரி, அதில் யாருக்கும் சந்தேகமே வராது. நான் கணக்கு என்றேன், உயிரோடு என்றேன். இரண்டையும் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல், அச்சுப் பிசகாமல் அவர் செய்துகொண்டு வந்து நிற்கிறார்.

தையல்காரி நான். அளவு சரியாகச் சொல்லாதவர்களைத் திட்டாத நாள் கிடையாது.

கயல் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து, ஒரு குச்சியால் வால்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஏழு வால்கள் ஒரே நிறம், வயல் எலி. எட்டாவதும் ஒன்பதாவதும் நீளமாக இருந்தன. மேல்பக்கம் கருப்பு, அடிப்பக்கம் வெள்ளை, நுனியில் மென்மையான மயிர். அவள் கையிலிருந்த குச்சி நின்றது.

"இதுதான் பெரியம்மா" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. "இதுக்குத்தான் ரெண்டு மாசமா..."

"அப்ப நல்லதுதானுங்களே கண்ணு?" என்றார் வெள்ளையன்.

அவள் அவருக்கு விளக்கினாள். இந்த எலியைக் காயப்படுத்தவே கூடாது. பிடிப்பதற்கே காட்டு இலாகாவிடம் எழுதி அனுமதி வாங்கியிருக்கிறாள். அதுவும் அவள் பேருக்கு மட்டும். இந்த இரண்டு வால்களை வெளியே காட்டினால், யார் வெட்டினார்கள் என்று முதல் கேள்வி வரும். காட்டாவிட்டால் பாறைக்குச் சாட்சி கிடையாது.

வெள்ளையனுடைய சந்தோஷம் முகத்திலிருந்து இறங்கிப் போனதை நான் பார்த்தேன். அதைப் பார்த்திருக்க வேண்டாம். சின்னப்பொண்ணு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "வந்தவங்களுக்கு உதவறேன்னு போயி உன்ற தலையிலயே கல்லப் போட்டுக்கிட்டயா?" என்றார் புருஷனிடம். அவர் டப்பா மூடியைக் கையில் வைத்து, திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் பேசத்தான் வாயைத் திறந்தேன். கயல், "பெரியம்மா, இன்னிக்கு மட்டும் பேசாதீங்க" என்றாள். மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் இருபது பெட்டிகளையும் அந்த ஒரே பொந்தைச் சுற்றி வைத்தாள். இடத்தைக் காட்டியது வெள்ளையன்தான். இரண்டு யானைக்குட்டிகள் முதுகை ஒட்டிப் படுத்தது போல இரண்டு பாறைகள், நடுவே கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதன் வாயில் புகைக் கரி அப்பியிருந்தது. பாறை மேல் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் காய்ந்து கிடந்தன. மிச்சமிருந்த நெத்திலி முழுவதையும் நான் வறுத்த தேங்காயோடு பிசைந்து வைத்தேன். காலம் முழுக்க எலியை அடித்தவள், இது சாப்பிட வேண்டுமே என்று அன்றைக்கு எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

கடைசி நாள். இருபதில் மூடியிருந்தது ஒரே ஒரு பெட்டி.

வெள்ளையன் துணிப்பையை விரித்துப் பிடிக்க, நான் பெட்டியைக் கவிழ்க்க, கயல் இடது கையால் பையோடு சேர்த்து மெல்ல அணைத்துப் பிடித்தாள். துணியை விலக்கியதும் முகம் தெரிந்தது. பெரிய காதுகள், வெளிச்சம் படாத கறுப்புக் கண்கள், சாம்பல் கலந்த பழுப்பு உடம்பு, வெள்ளை வயிறு. என் உள்ளங்கையில் அடங்கிவிடும். விலா எலும்புக்குள் அதன் இதயம் தையல் மிஷின் ஓடுகிற வேகத்தில் அடித்தது. இத்தனை பேச்சும் இதற்காகவா என்று தோன்றியது. அடுத்த நொடியே, இது ஒன்றுக்காகத்தானே என்று தோன்றியது.

பின்பக்கத்தைத் திருப்பினாள். வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மொட்டு. சிவந்து, ஓரம் காய்ந்து இறுகியிருந்தது.

கயல் அளக்க அளக்க நான் படிவத்தில் எழுதினேன். உடம்பு நீளம். காது. பின்னங்கால் பாதம். அடுத்த கட்டத்தில் 'வால் நீளம்' என்று அச்சிட்டிருந்தது. என் பேனா நின்றுவிட்டது.

இந்த எலியை இதன் சொந்தக்கார எலிகளிடமிருந்து பிரித்துச் சொல்வதற்கு வால் முக்கியம் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். உடம்பைவிட நீளமா, மேலும் கீழும் நிறம் வேறா என்று பார்ப்பார்களாம். எலி இங்கே இருக்கிறது. வால் டப்பாவில் இருக்கிறது.

"பாம்பு கடிச்சிடுச்சுன்னு எழுதிடட்டுமாடி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கத்தி வெட்டும் பாம்புக் கடியும் ஒண்ணா பெரியம்மா?"

"என்ற பேர எழுதிக்குங்க கண்ணு" என்றார் வெள்ளையன். "வெட்டுனது நான்தானுங்களே. பாறை பொழச்சாச் சரி."

கயல் டப்பாவிலிருந்து நீள வால் இரண்டையும் எடுக்கச் சொன்னாள். ஒன்று பொருந்தவில்லை. இன்னொன்றை அந்த மொட்டுக்கு நேரே வைத்தபோது, கிழிந்த துணியில் இழைக்கு இழை சேர்வது போலச் சேர்ந்தது. அப்படியே படம் எடுத்தாள். வாலைத் தனியாக அளந்தாள். பிறகு சொல்லச் சொல்ல எழுதினேன்: 'வால் வெட்டப்பட்டு, தனியாக அளக்கப்பட்டது. ஆய்வாளர் தரப்பில் தவறான சொல் போனதால் நேர்ந்தது. பொறுப்பு என்னுடையது.' கையெழுத்துப் போட அவள் இடது கையை நீட்டினாள். படிவத்தைக் கொடுக்கும் முன், அவள் சொல்லாத ஒரு வரியை நானாகச் சேர்த்தேன்: 'அந்தச் சொல்லைச் சொன்னவர்: செண்பகம், ஆய்வாளரின் பெரியம்மா, தையல்காரர்.' அவள் படித்தாள். அந்த வரியை அடித்துவிடவும் இல்லை, ஏதும் கேட்கவும் இல்லை. கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். வெள்ளையன் பெயர் எங்கேயும் இல்லை.

எலியை விட்டோம். பாறை விளிம்பு வரை ஓடி, எதிர்ப் பாறைக்குத் தாவியது. ஒரு சாண் தூரம்தான். தாவின வேகத்தில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, பிடி கிடைக்காமல் கீழே விழுந்தது. மறுபடி ஏறியது. மறுபடி தாவியது. இந்தத் தடவை முன்னங்கால் மட்டும் பற்றிக்கொள்ள, தொங்கி, உதைத்து, எப்படியோ வெடிப்புக்குள் நுழைந்துவிட்டது.

வெள்ளையன் வெகுநேரம் அந்த வெடிப்பையே பார்த்தார். "வாலு எதுக்குன்னு இத்தன வருசத்துல இன்னிக்குத்தானுங்க பாத்தேன்" என்றார்.

நான் ஊர் திரும்பிவிட்டேன். இறங்கும்போது பஸ்ஸில் யாரோடும் பேசவில்லை. அதே கண்டக்டர்தான். "நெத்திலி தீந்துபோச்சுங்களா?" என்றார். தலையை ஆட்டினேன்.

மூன்று வாரம் கழித்துக் கயல் போன் செய்தாள். கல் உடைக்க அனுமதி இல்லை என்று எழுதி வந்துவிட்டதாம். கடையிலேயே எழுந்து நின்று கத்தினேன். காஜா எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பயந்து போனார்கள்.

"இருங்க பெரியம்மா" என்றாள். "என் அனுமதியையும் நிறுத்திட்டாங்க. விளக்கம் எழுதிக் கொடுத்து, அவங்க திருப்தியாகற வரைக்கும் நான் அந்தச் சரிவுப் பக்கம் போகக் கூடாது."

நின்ற நான் அப்படியே உட்கார்ந்தேன்.

அவளுக்கு அழுவதற்கு நேரம் இருக்கவில்லை. ஆள் போகாவிட்டால் எலியை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் கவலை. வெள்ளையனிடம் நான்தான் பேச வேண்டும் என்றாள். "நானா? மறுபடியுமா?" என்றேன். "நீங்கதான். அவருக்கு உங்களைத்தான் பிடிக்கும். ஆனா சொந்தமா எதுவும் சேக்கக் கூடாது. நான் எழுதி அனுப்பறதை அப்படியே வாசிங்க" என்றாள்.

எழுதி அனுப்பினாள். அதைக் காகிதத்தில் பெரிய எழுத்தில் நகல் எடுத்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசித்தேன். "பாறைய உடைக்க மாட்டாங்க. எலிய யாரும் புடிக்க வேண்டாம், தொட வேண்டாம், புகை போட வேண்டாம். சும்மா பாத்தாப் போதும். பாத்தா, எங்க பாத்தீங்க, எத்தனை பாத்தீங்கன்னு போன்ல சொல்லுங்க. அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது. ராகிக் காட்டில் நின்று பேசுகிறார் போல.

"வாய்ல சொன்னாப் போதுங்களா?" என்றார்.

"போதும்ங்க."

"இல்லீங்கம்மா, தப்பா நெனைக்காதீங்க. பத்து வருசம் எஸ்டேட்டுல இருந்தனுங்க. எட்டுப் புடிச்சேன்னு சொன்னா ரைட்டரு ஒரு நாளும் நம்புனதில்லீங்க. வாலக் காட்டுன பொறவுதான் எழுதுவாரு. இப்ப நான் மூணு பாத்தேன்னு வெறும் வாய்ல சொன்னா, அதை எழுதிக்குவாங்களா? நான் சொன்னேங்கறதுக்காகவே நம்பிக்குவாங்களா?"

நான் காகிதத்தைப் பார்த்தேன். பின்பக்கம் திருப்பியும் பார்த்தேன். கயல் அதற்குப் பதில் எழுதித் தரவில்லை.